அடி லெவலில் திறந்திருந்தது

ஏங்க,

சோறு குக்கரில் இருக்கு, முள்ளங்கி சாம்பாரைச் சூடு பண்ணிக்குங்க. அக்காவுக்குக் காய்ச்சல் இன்னும் விடலை, பூதிகோட்டைக்குப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்.

காலையில் போனில் கத்தினதை மனசில் வச்சுக்காதீங்க. கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்கலை. டியூஷன் பிள்ளைகளுக்கு டைப் பண்ணின கேள்வித்தாள் கண்ணெதிரே காணாமல் போனால் நான் இன்னா பண்றது? ரயில் சத்தத்தில் நீங்க சொன்னது பாதிதான் கேட்டது.

"எதுவும் அழியல ரோஜா. மைன்ஸ்ல லெவல் லெவலா இருக்கும்ல, அந்த மாதிரிதான். ஸ்கிரீன் வேற லெவலுக்குப் போயிருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி மூணையும் சேத்து அழுத்து."

மேல் அம்புக்குறியை அழுத்தினேன். கேள்வித்தாள் வச்ச இடத்திலேயே இருந்தது! நம்ப முடியாமல் கீழ் அம்புக்குறியையும் அழுத்திப் பார்த்தேன். ஸ்கிரீன், மைன்ஸ்ல ஆளுங்களை இறக்குற கேஜ் மாதிரி இறங்கிக்கிட்டே போச்சு.

அடி லெவலில் நீங்க திறந்து வச்ச இன்டர்நெட் பக்கம். பெங்களூரில் ஆம்பளைங்க தங்குற பிஜி. ஒருத்தருக்கு ஒரு ரூம், ரெண்டு வேளை சாப்பாடு.

தினமும் வேலைக்கு ரயிலில் போய்வர முடியலைன்னா என்கிட்ட சொல்லலாமே. இல்லை, வீட்டுக்கு வரத்தான் பிடிக்கலையா? லினக்ஸும் புரியலை, நீங்களும் புரியலை.

நாளைக்குக் காலையில் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு லதாகிட்ட கொடுத்துடுங்க.

ரோஜா

(ஓரத்தில் எழுதுறேன், தாளில் இடமில்லை.) அந்தப் பக்கத்தை எப்படி மூடுறதுன்னு எனக்குத் தெரியும். நான் மூடலை. நீங்களே மூடுங்க.