மூடாத கைக்கு ஒரு பிடி

அப்பா,

பட்டறைக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது என்று முதலாளி அண்ணாச்சி இன்று காலையில் பழைய படங்களை அழிக்கச் சொன்னார். "வேண்டாததையெல்லாம் தூக்கிருளா. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு இருக்காத" என்றார். படகு எஞ்சின் மூடி, லாரிக் கதவின் குமிழ், தராசுத் தட்டின் கால் என்று வரிசையாக அழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் 'அப்பா பிடி 1', 'அப்பா பிடி 2' என்று இரண்டு பெயர்கள். அழிக்கவில்லை. திறந்தேன். இரண்டு உருவங்கள் திரையில் மெதுவாகச் சுற்றின. அவற்றின் கீழே, அவற்றை உண்டாக்கிய வாக்கியங்கள் அப்படியே இருந்தன. நான் எழுதியவை.

நீங்கள் சங்கு குளிக்கப் போன இடத்தில், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து, வலது கை விழுந்துபோன வருஷம்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். துறைமுகச் சாலைப் பட்டறையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கே படம் வரைந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் அண்ணாச்சி புதிதாக ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டார். வரையத் தெரிய வேண்டாம். என்ன உருவம் வேண்டும் என்று தமிழில் எழுதினால் போதும், அதுவே வரைந்து காட்டும். பக்கத்து மிஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, அடுக்கடுக்காக வைத்து, பொருளாகத் தரும். "இந்தப் பிள்ளை வாயத் திறக்காது. ஆனா எழுதச் சொன்னா நல்லா எழுதுது" என்று என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

முதல் வாரம் ஒரு படகு மெக்கானிக் வந்து, "ஓட்டையை ரெண்டு நூல் பெருசாக்கணும்" என்றார். அப்படியே எழுதினேன். நம்மூர் மெக்கானிக்குக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. நூல் சுற்றியது போல ஓட்டைக்குள் மரை போட்டுக் கொடுத்துவிட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "ஏளா, இதுல என்ன நான் போல்ட்டா முறுக்கப் போறேன்?" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து அதை உங்களிடம் சொன்னேன். நான் எதையும் வந்து சொல்கிறவள் இல்லை. அன்றைக்கு ஏனோ சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "தையக்காரன்கிட்ட வேல பழகிருக்கும் போல" என்றீர்கள். கை விழுந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும், "அப்ப நான் ஒண்ணு சொல்லுதேன். அதுகிட்ட எனக்கு ஒரு ஸ்பூன் பிடி செய்யச் சொல்லு" என்றீர்கள்.

இடது கையால் சாப்பிட உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. காலையிலும் ராத்திரியிலும் நான் ஊட்டுவேன், மதியம் அம்மா. ஊட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவசர அவசரமாக மென்று, பாதி வயிற்றில் "போதும்" என்று விடுவீர்கள். இரண்டாள் சோறு சாப்பிட்ட மனுஷன் தோள் எலும்பு தெரிய இளைத்துப் போனீர்கள்.

"பனங்கிழங்கு தண்டிக்கு இருக்கட்டும். நடுவுல கொஞ்சம் பருத்து, நுனி என் வாயப் பாத்து வளையட்டும்" என்றீர்கள். மறுநாள் எழுதினேன். கம்ப்யூட்டர் திருப்பி ஒரு கேள்வி கேட்டது: பிடிப்பவரின் விரல்கள் எவ்வளவு மடங்கும்? என்னால் அங்கே பதில் எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். பார்த்துவிட்டீர்கள்.

"என்னத்தளா எழுதுத? வாசி."

வாசித்தேன். 'அப்பாவின் வலது கை இனி மூடாது. பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசையும்.'

நம் வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர்கூட உங்கள் முன்னால் சொல்லவில்லை. அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தமும் நின்றுவிட்டது. "மூடாதுன்னு யாரு சொன்னா ஒனக்கு? மூட மாட்டேங்குன்னு எழுது. கைக்கு என்மேல கோவம். தீந்துட்டா தன்னால மூடும்" என்றீர்கள்.

நான் அதை அடித்துவிட்டு நீங்கள் சொன்னபடி மாற்றினேன். கம்ப்யூட்டரும் அதை நம்பியது. நாளாக நாளாக மூடப்போகிற கைக்கு ஏற்றபடி ஒரு பருத்த பிடியை வரைந்தது. பச்சை நிறத்தில் வந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான் அதன் மேல் மடித்து வைத்தேன். ஒரு வாய் அள்ளினீர்கள். பிடி நழுவி, ஸ்பூனோடு சொதிக் குழம்புக்குள் விழுந்தது. சட்டையெல்லாம் மஞ்சள். "ஒங்க கம்ப்யூட்டருக்கு ஒரு மண்ணும் தெரியல" என்று சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள்.

நீங்கள் ராத்திரி தூங்கியபோது உள்ளங்கையை அளந்துகொண்டேன். மறுநாள் உங்களிடம் கேட்காமல் என் பழைய வாக்கியத்தையே போட்டேன். இந்த முறை பிடியே இல்லாமல் வரைந்தது. உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் ஸ்பூனைச் செருக ஒரு பொந்து. கை மூடவே வேண்டாம்.

கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் அதைத் தொடவில்லை. பார்த்த உடனேயே அது எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது உங்களுக்கு.

"பழையதையே எழுதிட்ட, என்ன?"

நான் பட்டையை உங்கள் கைப்பக்கம் நீட்டினேன்.

"அங்கன வச்சிட்டுப் போ."

அதைப் பற்றி அப்புறம் நாம் பேசவில்லை. நான் பழையபடி ஊட்டினேன். நீங்கள் பழையபடி சுவரைப் பார்த்தீர்கள். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் நான்தான் கஞ்சி ஊட்டினேன். இரண்டு நாள் உங்கள் கண் கட்டிலுக்கு அடியில் இருந்த, அம்மா வீட்டிலிருந்து அடுக்கிக் கொண்டுவந்த பைக்கே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வேண்டுமோ என்று எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் பையைப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. நான் ஸ்பூனை நீட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தீர்கள். அன்று சாயங்காலம் போய்விட்டீர்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது அம்மா சொன்னாள்.

"நீ வேலைக்குப் போன பொறவு மத்தியானம் நீ செஞ்ச அந்தப் பட்டையை மாட்டித்தான் சாப்பிடுவாரு. கதவைச் சாத்தச் சொல்லுவாரு. சாளை மீனுக்கு முள்ளு எடுத்து வச்சிட்டா ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாரு. 'பிள்ளைட்ட சொல்லாத, அவ சொன்னதுதான் சரின்னு ஆயிரும்'னுட்டாரு. ஆஸ்பத்திரிக்கும் எடுத்து வைக்கச் சொன்னாரு. நீ அங்கன இருப்பியே, பாத்துருவியேன்னு நாந்தான் வைக்கல."

உங்கள் கையைப் பற்றி யாரும் சொல்லாததைக் கம்ப்யூட்டரில் எழுத எனக்குத் தைரியம் இருந்தது. அந்த வார்டில், "அது வேணுமாப்பா, எடுத்துட்டு வரட்டா" என்று கேட்கத் தைரியம் இல்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றிருந்தால் போதும். நீங்கள் கடைசிக் கஞ்சியை உங்கள் கையாலேயே குடித்திருப்பீர்கள்.