பிடி உடைந்த குவளையில் ஜேர்மனி

19 செப்டெம்பர் 2007, புதன். மழை.

இதில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நிலத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறேன், நம்பப்போவதில்லை. போதாததற்கு இது நடக்கிற இடம் பீலெஃபெல்ட். அப்படியொரு ஊரே கிடையாது என்று ஜேர்மன்காரரே பகிடி விடுகிற ஊர். இல்லாத ஊரில், ஒரு இத்தாலிக்காரனின் குசினியில், வருசக்கணக்காகத் தக்காளிச் சோஸ் காய்ச்சுகிற யாழ்ப்பாணத்தான் ஒருவன். இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது.

மழை என்றால் எப்பேர்ப்பட்ட மழை. மேல்வீட்டுக் கிழவியின் நாய் படியால் இறங்கவில்லை, நீந்தி வந்தது.

செய்ய வேண்டியவை:
– சின்ன அறை துப்புரவு. குகன் வெள்ளி வாறான்.
– கட்டில் காலுக்கு ஆணி.
– பியர். பவேரியாவிலிருந்து வருகிற விழாப் பியர். இங்கத்தைய பில்ஸ் இல்லை.
– மூக்கு.

மூக்கு விசயம்: யூலையில் வந்த காய்ச்சலோடு போனது. காய்ச்சல் திரும்பிப் போய்விட்டது, மூக்கைத் தன்னோடு கூட்டிக்கொண்டு. நாக்குக்கு உப்பு, புளி, இனிப்பு, கைப்பு தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிளகு சுடும், ஆனால் மிளகில்லை. கோப்பி என்பது கைக்கிற சுடுதண்ணி. என் மனுசி பத்மா தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாளா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

அவளுக்குச் சொல்லவில்லை. முதலாளிக்குச் சொல்லவே இல்லை. சமையல்காரன் தனக்கு மூக்கில்லை என்று சொல்வது, பிளேன் ஓட்டுகிறவன் மைக்கில் தனக்குக் கண் தெரியவில்லை என்று அறிவிப்பது மாதிரி.


20, வியாழன். திரும்பவும் மழை.

சோசுக்குப் போட்ட வெள்ளுள்ளி கருகியது. சட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். முதுகு அடுப்புக்கு, முகம் வெங்காயத்துக்கு. ஒன்றும் தெரியவில்லை.

நாலாம் மேசையிலிருந்து ஸ்பகெட்டி திரும்பி வந்தது. முதலாளி கரண்டியில் நக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சமையல் பிழைத்தால் சமையல்காரனுக்குக் காதல் என்பார்கள் இங்கே.

"உனக்கு யாரிலாவது காதலா?"

"மனுசியில."

"அது இல்லை. புதுசா யாரிலாவது?"

சிரித்தோம். ஆனால் கோப்பையைக் கழுவப் போடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "போன கிழமையும் ஒண்டு வந்தது. இனி ஒண்டு வந்தா நீ அடுப்பில நிக்க ஏலாது." அவன் சொன்னது ஜேர்மனில். எனக்குள் தமிழில்தான் விழுந்தது.

பாதி பீலெஃபெல்ட்டுக்கு உப்புப் போட்ட கை இது. மற்றப் பாதி மிளகுக்காக வரிசையில் நின்றது.


21, வெள்ளி. மூட்டம்.

குகன் வந்து சேர்ந்தான். பத்மாவின் தம்பி. அமெரிக்காவில், ஒகாயோவில், கொம்பியூட்டர் வேலை. ஃபிராங்பேர்ட்டில் ஏதோ கூட்டமாம், அப்படியே அக்காவைப் பார்க்க ஒரு கிழமை. தலை கொஞ்சம் வெளித்திருக்கிறது. வாய் அதே வாய்.

போன தடவை ரெலிபோனில் தொடங்கின சண்டை இது: இலையுதிர்காலத் திருவிழாப் பியரை ஆர் ஒழுங்காகக் காய்ச்சுகிறான், ஜேர்மன்காரனா, அமெரிக்கனா. "உங்கட நாட்டில பியரும் இருக்கோ" என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதிலாக ஆறு போத்தலைச் சேட்டுக்குள் சுத்திக்கொண்டு அத்லாந்திக் தாண்டி வந்திருக்கிறான். ஒரு போத்தல் உடைந்துவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் பத்மா மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, கள்ளுக்கொட்டில் மாதிரி மணக்குது."

நானும் பொத்தினேன். கொஞ்சம் பிந்திப் பொத்திவிட்டேன் போல. பத்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வோஷிங் மெஷினில் சாவி அம்பிட்ட நாள் பார்த்த அதே பார்வை.

இரவுச் சாப்பாடு: புட்டு, பருப்பு, கத்தரிக்காய். "பருப்பு அமிர்தம்" என்றேன். குகன் தன் பருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.


22, சனி. ஒரு மணித்தியாலம் வெயில். பிறகு வருத்தம் தெரிவித்துக்கொண்டு போய்விட்டது.

இன்றுதான் மூன்சனில், அதுதான் மியூனிக்கில், பியர்த் திருவிழா தொடக்கம். ரீவியில் பீப்பாய்க்குக் குழாய் அடிக்கிறார்கள். நாங்கள் சோபாவில், சாறத்தோடு. வாதம்.

என் கட்சி: ஜேர்மன் விழாப் பியர் பொன் நிறம். தெளிவு. லேசாக உள்ளே போகும், போன பிறகுதான் ஆளை இருத்தும். இரண்டு லீட்டர் குடித்தவனும் மேசையில் ஏறி ஆடலாம்.

குகன் கட்சி: அமெரிக்கன் செம்பு நிறம். வறுத்த மால்ட், கருக்கின சீனி, பாண் தோல். ஒரு கிளாசே ஒரு சாப்பாடு.

"அது பியரோ, பாணியோ" என்றேன்.

"அத்தான், ஒண்டு சொல்லட்டே. இவையளும் முந்தி இப்பிடித்தான் காய்ச்சினவை. மாசியில, பங்குனியில காய்ச்சி, கோடை முழுக்க நிலவறையில வைச்சு, இலை விழேக்கை எடுத்துக் குடிச்ச சாமான். சிவப்பாத்தான் இருந்தது. பிறகு சனம் கூடக் குடிக்கவேணும் எண்டு இவை வெளிற வைச்சிட்டினம். அங்க இருக்கிறவை பழசை விடேல்லை."

"ஓம், நீங்கள் விடமாட்டியள். பெட்டை பெரியபிள்ளையானா இஞ்ச நாங்கள் கேக் வெட்டி முடிக்கிற சாமத்தியவீட்டுக்கு, நீ அங்க பனிக்குள்ள மேளக்காரனைப் பிடிச்சு நிப்பாட்டினனி."

"அவன் நல்லா வாசிச்சவன்."

"கை விறைச்சு நடுங்கினதை நீ கமகம் எண்டு நினைச்சிருப்பாய்."

பத்மா சிரித்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு இப்போதுதான். ஆனால் அவன் சொன்னது எனக்குள் கிடந்து அரித்தது. உண்மையானால், நான் இவ்வளவு காலமும் கட்சி கட்டினது புதுசுக்கு. பழசு பெட்டிக்குள் உடைந்து சேட்டில் ஊறிக் கிடந்தது. எனக்கு அதன் மணமும் தெரியவில்லை.

தீர்மானம்: நாளை மத்தியானம் வழக்கு விசாரணை. நிறம் தெரியாமல் இரண்டு கல் குவளையில் ஊற்ற வேண்டும். நான் குடித்துச் சொல்ல வேண்டும், எது எவருடையது என்று. சவால் விட்டது நானே. மூக்கில்லாதவனுக்கு ஏன் இந்த வீறாப்பு என்று கேட்டால், வீறாப்பு மூக்கில் இருப்பதில்லை.

குகன் குளிக்கப் போன நேரம் குசினிக்குள் போய்ப் பத்மாவின் காதுக்குள் சொன்னேன்: "பிடி உடைஞ்ச குவளையில ஜேர்மனை ஊத்து. மற்றதில அமெரிக்கனை. விளங்கிச்சோ?"

"ஏன், குடிச்சுச் சொல்ல ஏலாதோ?"

"ஏலும். ஆனா உன்ர தம்பி வழக்கறிஞன் மாதிரிக் கதைப்பான். நீதி வெல்லோணும்."

"ஓம்" என்றாள். அவ்வளவுதான். கறிவேப்பிலை உருவிக்கொண்டு நின்றாள். ஒரு இலையைக் கசக்கி என் மூக்கடியில் பிடித்தாள். "வாசமா?" "நல்ல வாசம்." தலையாட்டினாள்.


23, ஞாயிறு. காற்று. இலை முழுக்க பல்கனியில்.

இறால் பொரியல், சம்பல், இரண்டு கல் குவளை. ஒன்று பிடி உடைந்தது. முகம் சக்கரவர்த்தி முகம்.

முதலாவது, பிடி உடைந்தது. ஒரு மிடறு. கண்ணை மூடினேன். பிறகு பேசினேன். என்ன பேச்சு. மலையடிவாரத்துப் பார்லிக் கதிர் காற்றில் சாய்வதைச் சொன்னேன். நிலவறையில் ஐஸ் உருகும் சத்தத்தைச் சொன்னேன். தேன், வைக்கோல், கோயில் மணி எல்லாம் சொன்னேன். "இது ஜேர்மன்" என்று குவளையால் மேசையில் தட்டினேன்.

இரண்டாவது. ஒரு மிடறு. "இது அமெரிக்கன். தொதல் கிண்டின தாச்சியைக் கழுவின தண்ணி. கருகின சீனி. முதலாவது ராசகுமாரன், இது அவன்ர குதிரைக்காரன்."

ஒருவரும் கைதட்டவில்லை. குகன் இரண்டு குவளையையும் இழுத்து ஒவ்வொரு மிடறு குடித்தான். தமக்கையைப் பார்த்தான். குனிந்து இறாலைப் பார்த்தான்.

"அத்தான், ரெண்டும் ஒண்டுதானே."

"என்ன ஒண்டு?"

பத்மாதான் சொன்னாள். குரல் உயரவில்லை. "ரெண்டுலயும் குகன்ர பியர். உங்கடை இன்னும் திறக்கேல்லை. ஃபிரிஜ்ஜுக்க இருக்கு."

பகிடி விடப் பார்த்தேன். நீதிபதிக்கு லஞ்சம் குடுத்தாலும் எழுதுவினைஞருக்குக் குடுக்க மறந்துபோச்சு, அப்படி ஏதோ.

"வெள்ளிக்கிழமை பருப்பு அடிப்பிடிச்சது" என்றாள். "வீடெல்லாம் புகை மணம். நீங்கள் அமிர்தம் எண்டியள். நேற்றுக் கசக்கினது கறிவேப்பிலை இல்லை, பல்கனிப் பூச்சட்டியில முளைச்ச ஏதோ களை. எப்ப துடக்கம்?"

"காய்ச்சலோட."

"ரெண்டு மாசம். ரெண்டு மாசமா ஒவ்வொரு கறியையும் அமிர்தம் எண்டியள்."

அவள் எழும்பிக் கோப்பைகளை எடுத்தாள். எனக்கு உறைத்தது மூக்கு போனதில்லை, அந்தப் பொய் அமிர்தங்கள். அவளுக்கும் அதுதான் நொந்தது.

குகன், கொஞ்சம் பொறுத்து: "அந்தக் கோயில் மணி நல்லா இருந்தது அத்தான்."


24, திங்கள். தூறல்.

காலை முழுக்க பத்மா கதைக்கவில்லை. ஆனால் காது மூக்குத் தொண்டை டாக்குத்தருக்கு ரெலிபோன் பண்ணி, அங்கே இருந்த பெண்ணோடு ஜேர்மனில் சண்டை பிடித்து, வியாழனுக்கு ஒரு டெர்மின், டாக்குத்தரைப் பார்க்கிற நேரம், எடுத்துவிட்டாள். நாலு மாசத்துக்குப் பிறகு தரப் பார்த்தார்களாம். "என்ர மனுசன் சமையல்காரன்" என்றாளாம். அதற்குப் பிறகுதான் வியாழன் கிடைத்ததாம்.

வேலை: உள்ளியைக் கண்ணால் வதக்கினேன். பொன் நிறம் வந்ததும் இறக்கினேன். குகனின் பியர் நிறம் வருமுன்.


27, வியாழன். மூட்டம், குளிர். ஜக்கட் எடுத்தாச்சு.

டாக்குத்தர் பேனா மாதிரிக் குச்சிகளை ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்தான். தோடம்பழமா, தோலா, மீனா, புதினாவா? நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவியம் சொல்லத் தயாராக இருந்தேன். பத்மா பக்கத்தில். "தெரியாது" என்றேன். "தெரியாது." "தெரியாது." என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாகக் கதைத்ததில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். சிலருக்குத் திரும்பும், கன மாசம் பிடிக்கும். சிலருக்கு இல்லை. தினமும் மூக்கடியில் வைத்து மணந்து பழகச் சொன்னான். கராம்பு, தேசிக்காய்.

"இடையில ஏதாவது மணந்ததா? ஒரு தடவையாவது?"

பத்மா என்னைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.


28, வெள்ளி. மழை.

முதலாளிக்குச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். பிறகு: "சோஸ் நான் பார்க்கிறன். நீ மா பிசை. மாவுக்குக் கை போதும்."

"எவ்வளவு காலம்?"

தோளைக் குலுக்கினான். கோபமில்லை. அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

மா, ஈஸ்ட், தண்ணி, உப்பு. ஈஸ்டுக்கும் மணம் இருந்ததாக ஞாபகம்.


29, சனி. மழை விட்டிருக்கிறது.

குகனை ரெயினில் ஏற்றிவிட்டு வந்தோம். மிச்சம் மூன்று போத்தலையும் விட்டுவிட்டுப் போனான். "வந்த பிறகு குடியுங்கோ அத்தான்." எது வந்த பிறகு என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பத்மா கராம்பை வைத்தாள். மணந்தேன். ஒன்றுமில்லை. தேசிக்காய். ஒன்றுமில்லை. "பொய் சொல்லாதேங்கோ" என்றாள். சொல்லவில்லை.

மலையடிவாரம் புளுகு. நிலவறை புளுகு. தேன், வைக்கோல், கோயில் மணி, ராசகுமாரன் எல்லாம் அவித்த புளுகு. நாய் நீந்தவில்லை, கிழவி தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது குவளையைத் தூக்கினபோது, ஒரே ஒரு மூச்சுக்கு, கருகின சீனி மணந்தது. உடனே போய்விட்டது. டாக்குத்தர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். பத்மா பக்கத்தில் இருந்தாள். இரண்டு மாச அமிர்தத்துக்குப் பிறகு அதை ஆர் நம்புவது.

அது மட்டும் உண்மை.