பதினோராம் பக்கத்து 'வேண்டும்'

2026 மார்ச் 31, செவ்வாய்

இன்றும் நூலகத்துக்கு ஐந்து பெட்டிகள் வந்தன. கூடவே ஆறு பேர், ஒரு பதாகை, ஒரு கமரா. வாசலில் நின்ற பிள்ளைகளைப் பிடித்து வரிசையாக நிறுத்தி, கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர்கள் போனதும் பெட்டிகளைத் திறந்தேன். 2013ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக் கணக்குப் பயிற்சி, பழைய பாடத்திட்டம். ஆங்கிலத்தில் வாகனக் காப்புறுதி பற்றி ஒரு தடித்த புத்தகம், அதே புத்தகம் பதினெட்டுப் பிரதி. படத்தில் சிரித்த பிள்ளையின் கையில் இருந்ததும் அதுதான்.

நவம்பர் மழையில் பின்பக்க மண்திட்டு சரிந்து யன்னல் வழியாக உள்ளே வந்தபோது எங்கள் நூலகத்தில் பாதி போனது. அதற்குப் பிறகு வந்த தானங்கள் எல்லாம் இந்த இலட்சணம்தான். இப்போது பிரதேச சபையிலிருந்து ஒரு கடிதம். சிறுவர், ஆசிரியர், வீடு பாதிக்கப்பட்டோர் ஆகிய மூன்று பகுதியினருக்கும் உதவும் புத்தகங்களைத் தெரிந்து பட்டியல் அனுப்ப வேண்டுமாம். தெரிவு செய்வது நூலகப் பொறுப்பாளரான நானும் தோட்டப் பாடசாலை ஆசிரியை சுதர்சினியும்.

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஏன் எங்களிடம் கேட்கிறார்கள்? யாருடைய பட்டியலோ ஏற்கெனவே தயாராக இருக்கும். எங்கள் கையெழுத்து மட்டும்தான் குறை.

ஏப்ரல் 4, சனி

கண்டிக்குப் போய் நான்கு கடை ஏறி இறங்கினோம். சிறுவர் புத்தகங்களில் பாதிக்கு மேல் உபதேசம். பொய் சொன்ன முயல் நான்காம் பக்கத்திலேயே திருந்திவிடுகிறது. எந்தப் பிள்ளை நம்பும்? ஒன்று மட்டும் பிடித்தது. பேருந்தில் குடையைத் தொலைத்த ஒரு சிறுமி, வீட்டுக்குப் போகப் பயந்து ஊரெல்லாம் சுற்றும் கதை. கடையில் நின்றபடியே வாசித்து முடித்தேன். கடைசிவரை யாரும் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை.

ஆசிரியர் கைந்நூல்கள் இன்னும் மோசம். இரண்டு பேர் எழுதியதாக இரண்டு அட்டை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இரண்டிலும் ஒரே எழுத்துப்பிழை. சுதர்சினிக்குக் காட்டினேன்.

"நீங்க பொலிஸ்ல சேர்ந்திருக்கணும் அக்கா" என்றாள்.

பாராட்டா, நக்கலா?

வீடு பாதிக்கப்பட்டோருக்கான புத்தகம் தமிழில் ஒன்றுமே அகப்படவில்லை. வாஸ்து பற்றி மட்டும் பதினொரு வகை இருக்கிறது. சுவர் வெடித்தவனுக்கு வாஸ்துவா?

ஏப்ரல் 6, திங்கள்

தேடியது தானாக நடந்து வந்தது. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நஸீப் என்பவர். ஐம்பது வயதிருக்கும், அமைதியான ஆள். 'மலைச்சரிவில் உங்கள் வீடு' என்று ஒரு சிறு புத்தகத்தைத் தானே அச்சடித்து ஐம்பது பிரதி கொண்டுவந்தார். சிங்களத்தில் ஒரு பொறியியலாளர் எழுதியதாம், இவர் தமிழாக்கம் செய்வித்திருக்கிறார். இலவசம்.

"போட்டோ எடுக்கல்லயா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மிஸ்? ஆக்கள் வாசிச்சா போதும்."

படம் எடுப்பவர்களை எனக்கு விளங்கும். எடுக்காதவருக்கு என்ன வேண்டும்? பின்னட்டையில் அவருடைய கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன.

ஏப்ரல் 7, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

பதினோராம் பக்கம்: "சுவரில் வெடிப்புக் கண்டால், அதிகாரி வந்து பார்வையிடும் முன் அதனைப் பூச வேண்டும்." அப்படியே எழுதியிருக்கிறது. வெடிப்பு எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்த்துத்தானே மலை நகர்கிறதா என்று அறிகிறார்கள். பூசி மறைத்தால் வருகிற அதிகாரிக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரனுக்குத்தான் என்ன தெரியும்?

பூசுவதற்கு என்ன வேண்டும்? சீமெந்து. சீமெந்து விற்பது யார்? பின்னட்டையைப் பார்க்கலாம்.

ஐம்பது பிரதிகளையும் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் அர்கம் சிரிக்கவில்லை. "அந்த மனிசனிட்டயே கேட்டுப் பாரேன்" என்றார். கேட்டால் உண்மையா சொல்லப்போகிறார்? பதினாறு வருடம் என்னோடு வாழ்ந்தும் இவருக்கு உலகம் தெரியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

நஸீப் தொலைபேசியில் அழைத்தார். ஆட்கள் எடுத்துப் போகிறார்களா என்று கேட்டார். இன்னும் பதிவு முடியவில்லை என்றேன். பொய்தான். அவருடைய பொய்க்கு முன்னால் இது ஒன்றுமில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

நேரிலேயே வந்துவிட்டார். புத்தக இறாக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிஸ், புத்தகத்தக் காணல்லயே?"

"இந்த நூலகத்துக்கு அது பொருந்தாது."

"ஏன்? என்ன பிழ?"

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் தலை நிமிர்ந்தார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "நஸீப் நாநா, சீமெந்துக் கடை விளம்பரம் ஒட்டுறதுக்கு இது மதில் இல்ல" என்றேன்.

அவர் வாதாடவில்லை. பிரதிகளைத் திருப்பிக் கேட்டு, நான் அலுமாரியைத் திறந்ததும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். "சரி மிஸ். இதோட இன்னும் எரநூறு இரிக்கு. வீடு வீடாக் குடுத்துக்கொள்றன்."

பதினோராம் பக்கம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அதை மட்டும் நைசாக மாற்றிவிட்டு வேறு வழியில் வருவார் என்று நினைத்தேன். ஒருவனைப் பிடித்த திருப்தியோடு தேநீர் குடித்தேன்.

ஏப்ரல் 15, புதன்

புத்தாண்டு விடுமுறை. பின்னேரமானால் மழை. நேற்றும், முந்தாநாளும்.

ஏப்ரல் 20, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சுதர்சினி ஹேவாஹெட்டப் பக்கமிருந்து வந்தாள். அவள் படிப்பிக்கும் தோட்டத்துக்கு மேலே கறுப்பையா என்று ஒருவர் இருக்கிறார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏழு பேர்ச் அளவுச் சிறு காணியில் எட்டு வருடமாகக் கல் கல்லாக வைத்துச் சொந்த வீடு கட்டியவர். நவம்பரில் பின்சுவர் வெடித்தது. பார்வையிட வேண்டிய அதிகாரி இன்னும் வரவில்லை.

"கறுப்பையா அண்ணன் சுவரையெல்லாம் பூசி சுண்ணாம்பும் அடிச்சிட்டாரு அக்கா. புத்தகத்துலயே போட்டிருக்குன்னு எல்லாருகிட்டயும் காட்டுறாரு. அங்க இன்னும் ரெண்டு வீட்டுல பூசுறாங்க."

கையில் அந்தப் புத்தகம். கூடவே, ஒப்பிட்டுப் பார்க்கவென்று பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியை ஒருவரிடமிருந்து வாங்கிய சிங்கள மூலமும்.

இரண்டையும் மேசையில் விரித்தோம். சிங்களத்தில் தெளிவாக இருக்கிறது. பூச வேண்டாம். அதிகாரி பார்க்கும்வரை வெடிப்பை மறைக்க வேண்டாம். ஒரு கடதாசியைக் குறுக்கே ஒட்டித் திகதி எழுதி வையுங்கள், அது கிழிந்தால் வீட்டை விட்டு வெளியேறுங்கள்.

'வேண்டாம்' என்பது 'வேண்டும்' என்று அச்சாகியிருக்கிறது. அவ்வளவுதான். தந்திரம் இல்லை, சூழ்ச்சி இல்லை. அச்சுப்பிழை.

நான் அதைப் பார்த்தேனே. ஏழாம் திகதியே பார்த்தேனே. இந்த ஊரிலேயே அதைக் கண்ட ஒரே ஆள் நான்தான். என்னையே கேட்கிறேன்: கண்டு என்ன செஞ்ச? பூட்டி வெச்ச. அவரக் கள்ளனாக்கின. வாயத் தொறந்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னா என்ன கொறஞ்சிருக்கும் ரிப்கா?

சுதர்சினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு புத்தகங்களையும் மூடினாள். பிறகு, "மொதல்ல அந்தக் கடைக்காரருக்கு கோல் எடுங்க" என்றாள். எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. என் இலக்கத்தைப் பார்த்தும் ஏன் எடுப்பார்? சுதர்சினி கறுப்பையா வீட்டுக்கு அழைத்தாள். அங்கே தொடர்பே கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

புத்தகம் யார் யாருக்குப் போனது என்று அவருக்குத்தான் தெரியும். காலையிலேயே கண்டிக்குப் பேருந்து, அங்கிருந்து அக்குறணை. கடையில் நஸீப் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தராசைப் பார்த்தபடியே, "என்ன மிஸ், மதில் பார்க்க வந்தீங்களா?" என்றார்.

பதினோராம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பக்கத்தில் சிங்களப் புத்தகத்தை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எப்ப கண்டீங்க?"

"ஏழாந் திகதி."

"அன்டைக்கு நான் வந்து என்ன பிழண்டு கேட்டேனே மிஸ்."

"நீங்க சீமெந்து விக்கத்தான் அப்பிடிப் போட்டீங்கண்டு நினைச்சேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். "எங்கட தங்கச்சி பர்ஹானாட வீட்டுச் சுவரும் வெடிச்சிச்சி. சீமெந்து குடுத்ததும் நான், மேசன் பாஸக் கூட்டிப் போய்ப் பூசினதும் நான். பூசினதால ஒத்தருக்கும் ஒண்டும் விளங்கல்ல. நவம்பர்ல மண் சரிஞ்சி, உள்ளுக்குள்ள மாட்டி அவ மவுத்தாயிட்டா. அதுக்குப் பொறகுதான் இந்தப் புத்தகத்தத் தேடிப் புடிச்சன்."

கடைக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் எழுந்தார். "ஆருக்கெல்லாம் குடுத்தேண்டு கொப்பில எழுதி வெச்சிருக்கன். வாங்க" என்று கடையை மூடினார். போகும் வழியிலேயே சுதர்சினியையும் ஏற்றிக்கொண்டு வானில் மேலே போனோம்.

கறுப்பையாவின் வீடு வெள்ளையாக, அழகாக இருந்தது. அவருக்குச் சந்தோஷம். "வாங்க வாங்க, உங்க புத்தகத்தாலதான் வேலைய முடிச்சேன்" என்று நஸீபின் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். புத்தகம் பிழை என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "அச்சுல இருக்கிறது எப்படிங்க பிழையாகும்?"

அவருடைய மனைவி சுப்பம்மா கதவோரம் நின்றிருந்தார். "நான் சொன்னேன்ல. பூசினதுக்கப்பறம் பின்கதவு சாத்த முடியல. மழைக்கு மரம் ஊதிப்போச்சுன்னு சொன்னீங்க" என்றார் கணவனிடம்.

கறுப்பையாவே இரும்பு அலவாங்கை எடுத்து வந்து பின்சுவரைக் கொத்தினார். புதுப் பூச்சு பலகை பலகையாக விழுந்தது. உள்ளே வெடிப்பு. நவம்பரில் ஒரு விரல் போகும் என்றவர், இப்போது மூன்று விரலை உள்ளே விட்டார். விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். வீட்டுக்குப் பின்னால் முன்பில்லாத இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

கிராம சேவகருக்கு அறிவித்து, இருட்டுவதற்குள் அலுமாரி, தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கினோம். பூச ஆரம்பித்த மற்ற இரண்டு வீட்டிலும் வேலையை நிறுத்தினோம்.

வான் ஏறும்போது சுப்பம்மா என் பக்கத்தில் வந்தார். "மிஸ், உங்களுக்கு இது முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

அவர் திரும்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் 25, சனி

நேற்றுப் பின்னேர மழையில் கறுப்பையாவின் வீட்டுப் பின்பாதி போய்விட்டதாம். உள்ளே யாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அர்கம் சொல்கிறார், நீ போனதால்தானே அவர்கள் தப்பினார்கள் என்று. இல்லை. பூசிய சுவருக்குப் பக்கத்தில் அவர்கள் பிள்ளைகளோடு படுத்த ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான். வீடு எப்படியும் போயிருக்கலாம். அந்த நாட்கள் அப்படிப் போயிருக்க வேண்டியதில்லை.

மே 12, செவ்வாய்

இருநூற்றைம்பது பிரதிகளில் இருநூற்று நாற்பத்தொன்று திரும்பக் கிடைத்தன. நஸீபும் நானும் சுதர்சினியும் மூன்று வாரமாக ஏறி இறங்கினோம். மிச்சம் ஒன்பது வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டோம். புத்தகத்தைத்தான் காணவில்லையாம். ஓரிடத்தில் பிள்ளை கப்பல் செய்துவிட்டது.

தேநீர்க் கடையில் நஸீபிடம் மன்னிப்புக் கேட்டேன். "எழுத்துப்பிழை பார்க்காம அச்சடிச்சது நானும்தானே மிஸ்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பின் தாள்களை மட்டும் என் பக்கம் தள்ளினார். "நல்லா சந்தேகப்பட்டு வாசிங்க. ஆனா கண்டத எனக்குச் சொல்லுங்க."

மே 19, செவ்வாய்

நாற்பது இடத்தில் குறி வைத்துத் திருப்பி அனுப்பினேன். முப்பத்தெட்டு சரி என்றார். இரண்டில் நான் பிழை.

மே 27, புதன்

சபைக்குப் பட்டியல் போய்விட்டது. குடை தொலைத்த சிறுமி இருக்கிறாள். ஒரே எழுத்துப்பிழை கொண்ட இரண்டு கைந்நூல்களையும் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று காரணம் எழுதி இரண்டு வெளியீட்டாளர்களுக்கும் கடிதம் அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார். இன்னொருவர் தொலைபேசியில் ஏசினார்.

ஜூன் 9, செவ்வாய்

மத்தியானம் சுப்பம்மா வந்தார். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னோடு பேசுகிறார். அவர்களுக்குக் கீழே வேறு காணி காட்டியிருக்கிறார்களாம். கையெழுத்து வைப்பதற்கு முன் காணி உறுதிப் பத்திரம் என்றால் என்னவென்று தானே படித்துப் பார்க்க வேண்டுமாம்.

அதைப் பற்றிப் புதிதாக வந்த புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இதுல உள்ளதெல்லாம் சரிதானா மிஸ்?"

"முழுக்க வாசிச்சிட்டேன். எழுபதாம் பக்கத்துல சொல்ற சட்டம் பழசோண்டு எனக்கொரு சந்தேகம். எழுதினவருக்குக் கடிதம் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல்ல. மத்ததெல்லாம் சரி."

சுப்பம்மா புத்தகத்தை வாங்கி எழுபதாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். அதன் மேல்முனையைச் சிறிதாக மடித்தார்.

"அப்ப பதில் வர்ற வரைக்கும் இத மட்டும் விட்டுட்டுப் படிக்கிறேன்" என்றார். யன்னலோரக் கதிரையை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.