நிறுவை நாளில் வராத பிள்ளை

அக்கா,

இன்று இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனேன். அவித்த கௌபிப் பயறைச் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாளிக்கிற மணம் வந்தது. உங்களுக்குப் பிறகு அதை நடத்துகிற பெண் நன்றாகத்தான் செய்கிறாள். உப்புத்தான் கொஞ்சம் கூட. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அந்த மணத்தில் நின்றபடியே உங்களோடு கதைக்கவேண்டும் போலிருந்தது.

பிள்ளைகளின் உடற்பருமனைத் தடுக்கும் திட்டம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, சுகாதாரம் படிப்பித்த என்னிடம் பொறுப்பைத் தந்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சோடா விற்கக்கூடாது, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் விற்கக்கூடாது என்று உங்களிடம் சொன்னேன். சுவரெல்லாம் படம் ஒட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். எடை கூடிய பிள்ளைகளின் பெயர்களைக் காலைக்கூட்டத்தில் வாசித்து, அவர்களை மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். முதல் பெயர் ஆறாம் வகுப்பில் இருந்த உங்கள் மகள் ஜெனிற்றாவுடையது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ரோசம் வந்தால் மெலிவாள் என்று நினைத்தேன். என்ன புத்தி அது!

பிள்ளைகளின் எடை பார்க்கிற அடுத்த நிறுவை நாளில் அவள் வரவில்லை. அந்தக் கிழமை முழுதும் வரவில்லை. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பாயில் கிடக்கிறாள் என்று சொல்ல நீங்கள் என் வகுப்பு வாசலுக்கு வந்தீர்கள். குரலை உயர்த்தவில்லை.

“ரீச்சர், நாங்கள் சண்டைக்குள்ள கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம். என்ர பிள்ளை கொழுகொழுவெண்டு இருக்கிறதைப் பாத்தால்தான் எனக்கு நித்திரை வாறது. கூடிப்போச்செண்டால் எனக்குச் சொல்லுங்கோ, கேக்கிறன். ஊருக்கு முன்னால ஏன் வாசிச்சனீங்கள்?”

அதோடு நீங்கள் விடவில்லை.

“பிள்ளையளுக்கு ரோல்ஸ் கூடாதாம். அப்ப உங்கட ஓய்வறைக்கு ஒவ்வொரு நாளும் ரோல்ஸ் பார்சல் கேட்டு அனுப்புறது ஆர்?”

நாங்கள்தான். பேப்பரில் சுற்றிப் பின்கதவால் வரும் அந்தப் பார்சலைப் பிள்ளைகள் காணவில்லை என்று ஆசிரியர்கள் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். மறுநாளிலிருந்து நீங்கள் எவருக்கும் ரோல்ஸ் போடவில்லை. அதிபர் கேட்டதற்கும் கௌபிதான் போனது. ஓய்வறையில் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். நீங்கள் அசையவில்லை.

நீங்கள் வகுப்பு வாசலுக்கு வந்த அன்று பின்னேரமே நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜெனிற்றாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

“இனிப் பேர் வாசிக்கமாட்டீங்களோ?”

“மாட்டன்.”

“எல்லாரும் ஓடுவினமோ?”

“ஓம். நானும் ஓடுவன்.”

திங்கட்கிழமை வந்தாள். நான் மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்து முதலில் சிரித்தவளும் அவள்தான். எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடமே ஓடுகிறது. தராசைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். எடையை அந்தந்தப் பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் மட்டும் சொல்கிறோம்.

அவள் மெலியவில்லை, அக்கா. வளர்ந்தாள். எடை மெல்லத்தான் ஏறியது, உயரம் அதை முந்திக்கொண்டு போனது. இப்போது வலைப்பந்து அணியில் கோல் போடுவது அவள்தான். எட்டிப் போடுகிறபோது முகம் அப்படியே நீங்கள்.

கல்வி வலயத்தில் ஆசிரியர்களுக்குக் கூட்டம் வைத்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். “உந்தத் திட்டங்கள் சரிவருமோ?” என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சரிவரும் என்று தயங்காமல் சொல்கிறேன். உடனே, “உங்கட ஓய்வறைக்கு என்ன பார்சல் வருகுது?” என்று அவர்களைக் கேட்பேன். பாதிப்பேர் குனிந்துகொள்வார்கள். அது நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி என்று அவர்களுக்குச் சொல்லத் தவறுவதில்லை.

போன கிழமை எங்கள் நிறுவை நாள். வரவு இடாப்பை இரண்டு தரம் பார்த்தேன். ஒரு பிள்ளையும் வராமல் விடவில்லை.