கட்டுக்குள் மூன்று சீட்டு

அன்புள்ள இசக்கிச்செல்விக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பசுவந்தனையில் அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

போனில் சொன்னால் பதறுவாய், அதனால் எழுதுகிறேன். போன வாரம் குடோனில் நான் ஃபோர்க்லிஃப்டில் தூக்கிய கண்ணாடிப் பெட்டிகள் சரிந்து உடைந்துவிட்டன. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"ஓட்டுனவன் நீ. தப்பு என்னோடதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார் சூப்பர்வைசர். வேகமாகத் திருப்பியது நான்தான், எழுதினேன். அளவுக்கு மேல் அடுக்கச் சொன்னது அவர், அதையும் எழுதினேன். தாளைக் கிழித்துப்போட்டார்.

"சார், புதியம்புத்தூர்ல என் வீட்டுக்காரி வேலைசெய்யுத தையல் கம்பெனியில, சட்டைக் கட்டுக்குள்ள வெட்டுனவன், தச்சவ, காஜா அடிச்சவ மூணு பேரு பேரும் எழுதுன மூணு சீட்டு இருக்கும்லா. தப்பு வந்தா மூணு பேரையும் கூப்பிட்டுக் கேப்பாவ. இங்கன மட்டும் ஏன் ஒத்தச் சீட்டு?" என்றேன்.

அவர் கேட்டபடி எழுதித் தரும்வரை லீவு கிடையாதாம். நான் அதே இரண்டையும் மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வரும் திருப்பதி அண்ணாச்சியிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் திரும்பும்போது கடலைமிட்டாயும், உன் கையால் எழுதிய பழைய சீட்டு ஒன்றும் கொடுத்தனுப்பு. வண்டி வந்துவிட்டது, அவசரப்படுத்துகிறார்.

நம்மூர்க் கோயில் கொடைக்கு நான் வராததற்கு ஒரு சீட்டை என் பெயரில் போட்டுக்கொள். இன்னொன்றை சூப்பர்வைசர் பெயரில் போடு.

உன்,
உக்கிரபாண்டி