கேட்காமல் வெட்டிய ரவிக்கை

12-11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஆம்புலன்சில் பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது, கேட்டு வாங்க வேண்டும். ஆக்சிஜன் பாதிதான்.

போடிமெட்டு ரோட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஒரு அக்காவுக்கு மட்டும் நெஞ்சில் கம்பி குத்திய காயம், நினைவில்லை. ரவிக்கையைக் கத்தரியால் வெட்டி, காயத்தை அடைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இந்த உசுரு ஒன்னால நின்னுச்சு தாயி" என்றார் டிரைவர் முருகேசன் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

13-11, புதன்

வெயில். யூனிபார்ம் துவைத்தேன். கறை போகவில்லை.

அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். பெயர் மரியபுஷ்பம், ஊர் தேவாரம். நினைவு வந்துவிட்டது. நெஞ்சில் தேங்கிய ரத்தத்தை வடிக்கக் குழாய் போட வேண்டுமாம். "யாரும் தொடாதீக" என்கிறார். சாயங்காலத்துக்குள் வடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். சிகிச்சை வேண்டாம் என்ற மறுப்புத் தாளில் கையெழுத்து வாங்க நர்ஸ் பேனாவோடு.

ஆம்புலன்சில் வந்தது நான்தான் என்று நர்ஸ் சொன்னதும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா? யாரக் கேட்டு வெட்டுன?"

"நெனப்பில்லாதவுக சரின்னு சொன்னதாத்தான்க்கா எடுத்துக்குவோம்."

"வெட்டச் சரின்னே வச்சுக்க. கூட வந்தவ எல்லாஞ் சொன்னா. ஜீப்புல வந்த ஆம்பளைக அம்புட்டுப் பேரும் பாக்கக் கெடத்துனியே, அதுக்குமா சரின்னேன்?"

போர்வை வண்டியிலேயே இருந்தது. கைக்கெட்டும் தூரம். தோன்றவே இல்லை எனக்கு. வெட்கமாக இருந்தது.

"தப்புத்தான்க்கா."

டாக்டரிடம் பேசிவிட்டு வந்து மறுபடி கேட்டேன்.

"திரை போட்டுருவாக. குழாய் போடுற எடத்த மட்டும் வெலக்கி, மத்தத நானே மூடிப் பிடிச்சுக்கிறேன். சம்மதமாக்கா? வேண்டாம்னாலும் சொல்லுங்க."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"இத மொதல்லயே ஒருத்தராச்சும் கேட்டாகளா? போடச் சொல்லு."

முடியும்வரை போர்வையைப் பிடித்தபடி நின்றேன். கை மரத்துவிட்டது.

15-11, வெள்ளி

மறுபடி மழை. மரியபுஷ்பம் அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாராம்! பிளாஸ்திரி வந்தது.

மத்தியானம் மார்க்கையன்கோட்டை பஸ் ஸ்டாப்பில் மயங்கிக் கிடந்த ஒரு அம்மா. சுற்றிக் கூட்டம். இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒயர் ஒட்ட வேண்டும். முதலில் போர்வையை விரித்தேன்.

"அம்மா, ரவிக்கையத் தெறக்கப் போறேன். சரியா?"

"நெனப்பில்லாதவுககிட்டயா தாயி உத்தரவு கேக்குற?" முருகேசன் அண்ணனுக்குச் சிரிப்பு.

"ஆமாண்ணே. அந்த முனையப் பிடிங்க."

பிடித்தார். பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம்: "ஏப்பா, அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. அவுக இன்னும் சரின்னு சொல்லல!"