சுண்ணாம்புக்குக் கீழே இருக்கும் கோதுமைக் கதிர்கள்

அனுப்புநர்:
ம. அருமைராசா,
களஞ்சியத் தொழிலாளி,
மொன்றியல் துறைமுகம்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
பழங்கட்டட மதிப்பீட்டுப் பிரிவு,
மொன்றியல்.

பொருள்: கட்டடக் கலைஞர் ஒமேர் துலாக் கட்டிய எங்கள் கோயிலைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கும் முன், அதன் சுவரை மீண்டும் பரிசோதிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. துறைமுகத்துக்கு அண்மையில் 1911இல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசை காணும் மன்னார்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வரும் வியாழக்கிழமை இக்கோயிலைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கத் தீர்மானிக்கவுள்ளதாக அறிந்தேன். நீக்கினால் விற்பார்கள், வாங்குபவர் இடிப்பார். அறிந்த நாள் முதல் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

2. துலாக் அவர்கள் இந்நகரில் பதினான்கு கட்டடங்கள் கட்டியதாக நூலகத்தில் படித்தேன். மாளிகைகளை விட்டுத் தொழிலாளர் பகுதிகளுக்கே வேலை செய்தாராம். பள்ளிக்கூடங்கள், தீயணைப்பு நிலையம், பொதுக் குளியல் மண்டபம் என்று பதின்மூன்றும் போய்விட்டன. எதைக் கட்டினாலும் கடைசியில் தானே சாரத்தில் ஏறி, உட்சுவரைச் சுற்றிக் கோதுமைக் கதிர் வரைவாராம். மிஞ்சியது எங்கள் கோயில் ஒன்றே.

3. அந்தக் கதிர் ஓவியம் முற்றாக அழிந்துவிட்டதால் கோயிலைப் பட்டியலில் வைத்திருக்கக் காரணமில்லை என்று தங்கள் பரிசோதகர் எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2019 ஆடி மாதம், மடு மாதா திருநாளுக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் நான்தான். திருநாள் வந்தால் கோயிலுக்கு வெள்ளையடிப்பது எங்கள் ஊர் வழக்கம். புகை படிந்து கறுத்துக் கிடந்த கதிரை அழுக்கு என்றே நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மைத்துனர் றெக்ஸ் ஏணியைப் பிடித்தார், அவ்வளவே, குற்றம் என்னுடையது.

இம்மனுவைப் பிரெஞ்சில் பெயர்த்து இணைத்திருக்கும் என் மகள் ஜொய்சி, மேற்படி பந்தியை எடுத்துவிடும்படி மன்றாடினாள். "அப்பா, உங்களைத்தான் பிடிப்பினம்" என்றாள். பிடித்தால் பிடிக்கட்டும்.

4. ஆனால் ஐயா, ஒன்றைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு சுவரில் நிற்க வச்சிரப் பசை சேர்ப்பார்கள். இங்கே எனக்கு அது கிடைக்கவில்லை, சேர்க்காமலே அடித்தேன். சுவரில் சாய்ந்தவர்களின் கோட்டெல்லாம் வெள்ளையாகி, ஐந்து வருடமாக ஏச்சு வாங்குகிறேன். அரைகுறை வேலை என்று எங்களோடு பூசைக்கு வரும் அல்போன்சம்மா அக்கா இன்றும் காண்கிற இடமெல்லாம் சொல்கிறார். அந்த அரைகுறை வேலைதான் இப்போது என் ஒரே நம்பிக்கை.

5. நேற்றுப் பூசை முடிந்தபின் ஏணியில் ஏறி, பீடத்துக்கு இடப்பக்கம் உள்ளங்கையளவு இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். சுண்ணாம்போடு புகைக் கறுப்பும் கழன்று ஒரு கதிர் வெளியே வந்தது. மஞ்சள் மங்கவே இல்லை. அத்துடன் நிறுத்திவிட்டேன். அறியாமல் ஒருமுறை கைவைத்தது போதும்.

ஆகவே வியாழனுக்கு முன், பழைய ஓவியம் தெரிந்த ஒருவரை அனுப்பி, மிகுதியை முறைப்படி துடைத்துப் பார்க்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். வாளி, தண்ணீர், துணி எல்லாம் ஆயத்தம். ஏணியை நான் பிடிக்கிறேன். சுவரைத் தொடமாட்டேன்.

பயத்துடனும் பணிவுடனும்,
ம. அருமைராசா

இடம்: மொன்றியல்
திகதி: 11.11.2024